பயிற்றுநராக வந்த பிரதம விருந்தினர்

எலாடியோ கரன்சாவை ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவுக்குக் கொண்டுவந்து சேர்த்த கடிதத்தை எழுதியவர் கிளெமென்ற்தான். தமிழ் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் என்ற முறையில் மூன்று பக்கம், உபதலைப்புகளோடு எழுதினார். ஸ்பெயினின் இரண்டாம் பிரிவில் நூற்று நாற்பத்தெட்டு ஆட்டங்களில் நடுக்களத்தில் ஆடியவர், பின்னர் நான்கு கழகங்களுக்கு முகாமையாளராக இருந்தவர், நோர்வேஜியப் பெண்ணை மணந்து ஒஸ்லோவிலேயே குடியிருப்பவர். அப்படிப்பட்டவர் எங்கள் பதினாறு வயதுப் பெண்கள் அணியைப் பயிற்றுவிக்க இசைய வேண்டும் என்று கேட்டிருந்தார்.

அந்த நான்கு கழகங்களும் ஆளை எப்படி வீட்டுக்கு அனுப்பின என்பதைக் கிளெமென்ற் பிந்தித்தான் தேடிப் பார்த்தார். முதலாவது நான்காம் மாதத்தில் அனுப்பியது. இரண்டாவதற்கு அவ்வளவு பொறுமை இருக்கவில்லை. மூன்றாவது பதினொரு ஆட்டம் தாங்கியது. நான்காவது ஸ்தவாங்கர் பக்கத்துச் சின்னக் கழகம். அவன் போன செய்தியை நாலு வரியில் போட்டு, அதில் இரண்டு வரியைப் புதிதாக வந்தவரை வரவேற்கச் செலவிட்டிருந்தது.

ஆனால் அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. வந்த முதல் நாளே கழகம் அவனுக்குப் பொன்னாடை போர்த்தி, குத்துவிளக்கு ஏற்ற வைத்து, ஆளுயரப் படம் போட்ட பதாகைக்குக் கீழே வெள்ளைத்துணி விரித்த நாற்காலியில் பிரதம விருந்தினராக இருத்தியது. அந்த நாற்காலியை விட்டு அவன் பிறகு எழும்பவே இல்லை. செயற்கைப் புல் மைதானத்தின் ஓரத்தில், முழங்காலில் போர்வையும் கையில் வடையுமாக இருந்து, தன் வாழ்க்கை வரலாற்றைச் சொல்வதுதான் பயிற்சி. ஸ்பெயினின் பெரிய ஆட்டக்காரன் ஒருவனிடமிருந்து ஒருமுறை பந்தைப் பறித்தானாம். வைகாசியில் வெறுமனே பறித்தான். ஆவணியில் பறித்த பந்தோடு மூன்று பேரைக் கடந்தான். ஐப்பசியில் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கழகத் தலைவர் பாலேந்திரன் பக்கத்தில் நின்று, அவன் நோர்வேஜிய மொழியில் சொன்ன எல்லாவற்றையும் பயபக்தியோடு தமிழில் பெயர்த்தார், முப்பது வருடமாக நோர்வேஜிய மொழியில் வேலை செய்கிற சனத்துக்கு. அவனுக்குக் கீழ் அணி ஆடிய ஏழு ஆட்டங்களில் ஆறு தோல்வி.

இதையெல்லாம் கிளெமென்ற் சகித்திருப்பார். மகள் கரோலினாவை அவன் நடுக்களத்திலிருந்து எடுத்து வலதுபக்கப் பின்வரிசையில் நிறுத்தியதைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. பத்து வயதிலிருந்து நடுவில் ஆடி வளர்ந்த பிள்ளை. அவளுடைய இடத்தில் இப்போது நின்றவள் பாலேந்திரனின் மகள் துஷ்யா. நல்ல பிள்ளை, ஆனால் பந்து வந்தால் கண்ணை மூடுவாள். வருகிற சனிக்கிழமை மாவட்ட அணிக்கு ஆள் தெரிவு செய்பவர் வருகிறார். அவர்களுக்கு ஒரு நடுக்கள ஆட்டக்காரி தேவை. அடுத்த வருடம் கரோலினாவுக்கு வயது கடந்துவிடும்.

"தலைவர், என்ர பிள்ளை ஏன் பின்னுக்கு நிக்கிறாள்?"

"அதை நாங்கள் கேக்கப்படாது அண்ணை. அந்தாள் ஸ்பெயினிலை விளையாடின மனிசன். நீங்களும் நானும் எங்கை விளையாடினனாங்கள்? வயலுக்கை."

"ஒரு கேள்விதானே கேட்டனான்."

"கேள்வியெண்டால் வழமை போலை எழுத்திலை தாங்கோவன்," என்று பாலேந்திரன் சிரித்தார்.

கிளெமென்ற் வீட்டுக்கு வந்து எழுதத்தான் தொடங்கினார். இலக்கமிட்டு ஒன்பது காரணங்கள். மனைவி இமெல்டா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, எத்தினையாம் பக்கம்?"

"நாலு."

"துஷ்யான்ர அம்மா யோகராணி ஒரு வரியும் எழுதேல்லை. செவ்வாய்க்குச் செவ்வாய் ஒரு ரின் நிறைய றோல்ஸ் பொரிச்சுக் குடுத்துவிடுறா. அவவின்ர பிள்ளை நடுவிலை நிக்கிறாள்."

"அப்ப அவன் இடத்தை விக்கிறான் எண்டுறீர்?"

"விக்க அவனுக்கு எங்கை மூளை? ஆர் சாப்பாடு தந்ததெண்டு மட்டும் ஞாபகம் வைச்சிருக்கிறான். நான் நண்டு வைச்சுத் தாறன், கொண்டுபோய்க் குடுங்கோ."

"நான் செத்தாலும் போகன்."

வியாழக்கிழமை பின்னேரம் நண்டுச் சட்டியோடு போனார். நகரத்தின் மற்ற அந்தத்தில், பியோர்ண்டாலில், மனைவியின் வீட்டில் இருந்தான் எலாடியோ. செருப்போடு வந்து கதவைத் திறந்தவன், வாசலிலேயே மூடியைத் திறந்து விரலால் குழம்பைத் தொட்டு நக்கினான். பிறகு பந்து பறித்த கதையைத் தொடங்கினான். கிளெமென்ற் இருபத்தைந்து நிமிடம் தலையாட்டினார். இடையில் ஒருமுறை, "அதற்குப் பிறகு?" என்றும் கேட்டார். யாரும் அவரைக் கேட்கச் சொல்லவில்லை.

"உங்கள் மகள் எது? அந்த உயரமானவளா?"

"இல்லை. ஏழாம் இலக்கம். நடுவில் ஆடுகிறவள்."

"நடுவில் போடலாமே. ஏன் கூடாது?"

இவ்வளவுதான். ஆறு மாதமாக அவளைப் பின்னுக்கு நிறுத்தியதற்கு அவனிடம் ஒரு காரணம்கூட இருக்கவில்லை. படியிறங்கும்போது கிளெமென்ற்றுக்கு வாயைக் கொப்பளிக்க வேண்டும் போலிருந்தது. அவர் அங்கே ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

சனிக்கிழமை, ஆட்டம் தொடங்க முன்னர், எலாடியோ நாற்காலியில் இருந்தபடியே கத்தினான்: "ஏழு, நீ நடுவில்! ஆகா, உன் அப்பாவின் நண்டு!" விரல்நுனிகளைக் குவித்து முத்தமிட்டான். பெண்கள் சிரித்தார்கள். கரோலினா வேலிக்கரைக்கு வந்தாள்.

"அப்பா, நண்டு குடுத்தனீங்களோ?"

"பிள்ளை, தெரிவு செய்யிற ஆள் வந்து நிக்கிறா. போய் விளையாடு."

"குடுத்தனீங்களோ இல்லையோ?"

"அம்மாதான் வைச்சது..."

"துஷ்யான்ர அம்மா றோல்ஸ் குடுக்கேக்கை வீட்டிலை என்னெல்லாம் சொன்னனீங்கள்! எனக்கு ஃப்ளவ்!" வெட்கக்கேடு என்பதை அவள் நோர்வேஜிய மொழியில்தான் சொல்வாள்.

விசில் ஊதியதும் அவள் நேரே வலதுபக்கப் பின்வரிசைக்கு நடந்தாள். திகைத்து நின்ற துஷ்யாவின் முதுகில் கைவைத்து நடுவுக்குத் தள்ளினாள்.

அவன் இப்போது எழும்பிக் கத்துவான் என்று கிளெமென்ற் பார்த்துக்கொண்டிருந்தார். எலாடியோ ஒரு வடையையும் இரண்டு கடதாசிக் குவளைகளையும் மடியில் வைத்து, மூன்று பேரைக் கடந்த விதத்தைப் பாலேந்திரனுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். ஒருமுறை நிமிர்ந்து மைதானத்தைப் பார்த்தான். கை தட்டினான். ஏழாம் இலக்கம் அவன் கண்ணுக்கு முன்னால், அவன் சொல்லாத இடத்தில் நின்றது. அவனுக்கு அது தெரியவில்லை.

ஆட்டம் முடிய, சாம்பல் நிறச் சட்டைக்காரியான தெரிவாளர் அவனிடம் வந்தார்.

"ஏழாம் இலக்கம் நன்றாக ஆடுகிறாள். அவள் நடுக்களம் என்றல்லவா என்னிடம் சொன்னார்கள்?"

"அவளா?" என்றான் எலாடியோ. "பின்வரிசைதான். பிறவியிலேயே பின்வரிசை. கண்டுபிடித்தது நான்."

"எங்களிடம் பின்வரிசைக்கு ஆள் நிறைய," என்று சொல்லி அவர் குறிப்புப் புத்தகத்தை மூடினார்.

கிளெமென்ற் இரண்டடி தள்ளித்தான் நின்றார். வாயைத் திறந்தார். நடுக்களக்காரி ஏன் பின்னுக்கு ஆடினாள் என்று அந்தப் பெண் கேட்பாள். அதற்கு நண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். வாயை மூடிக்கொண்டார். தெரிவாளர் பாலேந்திரனுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

"பாத்தியளோ அண்ணை," என்றார் பாலேந்திரன், "அதிகாரியோடையும் மனிசன் என்ன மாதிரிக் கதைக்குது!"

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த கரோலினா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நீங்கள் சொல்லியிருக்கலாம்தானே அப்பா. நான் நடுவிலை விளையாடுறனான் எண்டு."

கிளெமென்ற் அவளுடைய தண்ணீர்ப் போத்தலை எடுத்து மூடியைத் திருகினார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் ஒவ்வொரு பயிற்சியிலும் எலாடியோவைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, துஷ்யாவைக் கூப்பிட்டு, பஸ்தரிப்பை நோக்கி நடந்தாள்.