உப்பு பாக்கெட்டுக்கு ஒரு கிட் லென்ஸ்

அன்று காலை உப்பளக் கொட்டகைப் பக்கம் இருந்தவர்கள் நான்கு பேர். உப்பள முதலாளி ராஜவேல், அங்கிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில். மரக்காணத்தில் வெகுகாலமாக ஸ்டுடியோ வைத்திருக்கும் சவரிமுத்து, நிறுத்தி வைத்த தன் பைக்கின் மேல். அவருடைய அண்ணன் மகள் ஜான்சி, மடியில் கேமராவோடு பாத்தி வரப்பில். ராஜவேலுக்குக் கடிதங்கள் எழுதிக் கொடுக்கும் அறிவழகனாகிய நான், காலிச் சாக்குகளின் மேல்.

கூடிய காரணம் இது. ராஜவேல் தன் உப்பைப் பாக்கெட் போட்டு விற்கப் போகிறார். முகப்பில் போட உப்பளத்தின் படம் ஒன்று எடுக்கும் வேலையை ஜான்சிக்குக் கொடுத்திருந்தார். புதுச்சேரியில் பார்த்த வேலையை விட்டு ஜான்சி சொந்தமாகக் கடை போட்டிருக்கிறாள். இதுவரை பாஸ்போர்ட் சைஸ் படத்துக்குத்தான் ஆள் வருகிறது. இந்த வேலையும் கைவிட்டுப் போனால், கடையைப் பூட்டிவிட்டுப் பழைய முதலாளியிடமே போய் நிற்க வேண்டியதுதான்.

முந்தின நாள் போனில் அவள், "கிட் லென்ஸ்லதான் சார் எடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டாள். ராஜவேலின் மகள் படிக்கிற பள்ளியின் பெயரிலும் ஒரு 'கிட்ஸ்' உண்டு. மனிதர் பயந்துபோய் சவரிமுத்துவை வரவழைத்துவிட்டார்.

"ஏம்பா சவரி, உங்க பொண்ணு கொழந்தைங்க லென்ஸ வெச்சி எடுக்கப் போவுதாமே? நம்ம உப்ப பெரியவங்களும்தானப்பா துன்றாங்க?"

சவரிமுத்து முகத்தை மாற்றாமல், "எல்.கே.ஜி. வரைக்கும் தாங்குங்க" என்றார்.

"சித்தப்பா, சும்மா இருங்க! சார், அது கிட்டு. கேமரா வாங்கறப்போ அதே பெட்டியில சேர்ந்து வர்ற லென்ஸ்."

"ஓசின்னு சொல்லு."

"ஓசி இல்ல சித்தப்பா, அதுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கிக்கறான்."

லென்ஸ் கைப்பிடிக்குள் அடங்கும் அளவுதான். முதலில் திருகி வெளியே இழுக்க வேண்டும். அப்புறம்தான் படம் எடுக்கும். உப்புக் குவியலை எடுத்து, ஜான்சி திரையைக் காட்டினாள். ராஜவேல் எழுந்தே விட்டார்.

"இன்னாம்மா இது, சாம்பல் கொட்டி வெச்ச மாதிரி இருக்குது? என் உப்பு இந்தக் கலரா?"

"லென்ஸ்தாங்க" என்றார் சவரிமுத்து.

ஜான்சி கோபப்படவில்லை. "உங்க பெருச எடுங்க சித்தப்பா."

இருவர் கேமராவும் ஒரே கம்பெனி. சவரிமுத்து தன் பெரிய லென்ஸைத் துணிப்பையிலிருந்து பூசணிக்காய் போல இரு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார். அவள் அதை மாட்டி, அதே குவியலை எடுத்தாள். உப்பு அதே சாம்பல் நிறத்தில் வந்தது.

"பெருசும் எல்.கே.ஜி.தானா சவரி?" என்றார் ராஜவேல்.

"இவ்ளோ வெள்ளையப் பாத்தா, வெளிச்சம் ஜாஸ்தின்னு கேமரா தானா கொறச்சிடுது சார். நாமதான் ஏத்தணும்." அவள் கிட் லென்ஸைத் திரும்ப மாட்டி, வெளிச்சத்தைக் கூட்டி எடுத்தாள். உப்பு வெள்ளையாக, ஒவ்வொரு கல்லும் தெரிய வந்தது.

சவரிமுத்து விடுவாரா? கேமராவை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கி, ஓரத்துக்கு நகர்த்தினார். "மூலையப் பாரு. வெண்ணெ மாதிரி உருகிக் கெடக்குது."

"ஆமா சித்தப்பா, ஓரம் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். அப்பர்ச்சர மூடி எடுக்கறேன்." லென்ஸின் துளையைச் சுருக்கி மறுபடி எடுத்தாள். மூலை தேறியது, ஆனாலும் பெரியதன் அளவுக்கு இல்லை. அதை அவளே சொன்னாள். சொல்லிவிட்டு ராஜவேலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜவேல் சட்டைப் பையிலிருந்து மாதிரிப் பாக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூலை எங்கப்பா வெளிய தெரியப் போவுது? நாலு பக்கமும் மடிச்சி ஒட்டிடறானே!" என்றவர் அவள் பக்கம் திரும்பி, "உன் படமே இருக்கட்டும்மா" என்றார்.

ஜான்சி வரப்பிலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"கல்யாண மண்டபத்து இருட்டுல இது ஆவாது, ஞாபகம் வெச்சிக்க" என்றார் சவரிமுத்து.

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே. பெருச வாங்கிக்கறேன்."

"லென்ஸ் கேக்கறியா, தூக்கறதுக்கு ஆள் கேக்கறியா?"

"ரெண்டும்தான்."

எந்த லென்ஸில் எடுத்த படம் என்று எழுதி அனுப்பச் சொல்லி சிவகாசி அச்சகத்தார் கேட்டிருந்தார்கள். நான் எழுதி, வழக்கப்படி உரக்கப் படித்தேன்: "இப்படம் கேமராவுடன் வந்த சாதாரண ஜூம் லென்ஸைக் கொண்டு ஜான்சி அவர்களால் எடுக்கப்பட்டது."

"அறிவு, அந்த சாதாரணத்த எடுத்துடுப்பா" என்றார் சவரிமுத்து.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் பைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடித்தல் திருத்தல் எனக்கு ஆகாது. புதுத் தாளில் எழுதினேன். ராஜவேல் கையெழுத்துப் போட்டார். படம் இருந்த சிப்பைக் காகிதத்தில் மடித்து உள்ளே வைத்து, உறையை ஒட்டினேன். சவரிமுத்து அதை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கூரியர் ஆபீசுக்கு வண்டியைக் கிளப்பினார்.