துணிக்கடையில் விட்டுவந்த பிள்ளை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையதல்ல. என் அண்ணி ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன என்னிடம், துண்டை நீட்டிக்கொண்டே இதைச் சொன்னார். கை காய்வதற்குள் "எழுதட்டுமா அண்ணி?" என்று கேட்டுவிட்டேன்.

"எழுது. ஆனா ஊருக்குக் காட்டுறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சுக் காட்டணும். என் பிள்ளைங்களுக்கு என்ன சட்டமோ அதுதான் உனக்கும்."

அந்தச் சட்டம் இது. அவர் வகுப்பில் நினைவுக்குறிப்பு எழுதுகிற பிள்ளை, அந்தச் சம்பவத்தில் கூட இருந்த ஒருவருக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும். கேட்டவர் "இப்படி நடக்கவே இல்லையே" என்றால் எழுதியதை அடிக்கக் கூடாது. அடியில் 'அம்மா இல்லை என்கிறார்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஆகவே இந்தக் கதையிலும் அடைப்புக்குறிக்குள் அண்ணி வந்து போவார். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பொறுத்துக்கொள்ளவில்லையா?

2

முதல் தொடக்கம்: 'மழை விட்டிருந்தது. வகுப்பறை ஜன்னலோரம் நின்ற டீச்சரின் கண்களில்—'

[அண்ணி இல்லை என்கிறார். மழையும் இல்லையாம், ஜன்னலோரம் நிற்க அவருக்கு நேரமும் இல்லையாம்.]

இரண்டாம் தொடக்கம்: 'நினைவு என்பது என்ன? நாம் அதை வைத்திருக்கிறோமா, அல்லது அது நம்மை—'

[அண்ணி கொட்டாவி விட்டார்.]

சரி, நேரே வகுப்புக்குள் போய்விடுவோம். இனி அவர் டீச்சர்.

டீச்சர் பலகையில் 'எனக்கு நடந்த ஒன்று' என்று எழுதினார். "பொறந்ததுலேர்ந்து ஆரம்பிக்காதீங்க கண்ணுங்களா. ஒரே ஒரு நாள். அதுலயும் ஒரு துண்டு. உங்களுக்கு நடந்ததா இருக்கணும். அடுத்தவங்க கதை எனக்கு வேண்டாம்."

"எனக்கு இன்னும் ஒண்ணுமே நடக்கல டீச்சர்" என்றது கடைசி பெஞ்சு.

"இப்ப எந்திரிச்சு வெளிய நில்லு. நடந்துரும்."

வகுப்பு சிரித்து ஓய்ந்ததும் அவர் பெஞ்சு பெஞ்சாகப் போனார். 'நான் மிகவும் பயந்தேன்' என்று எழுதியிருந்தவனிடம், "பயந்தேன்னா நான் எப்படி நம்புறது? பயந்தப்போ உன் கை என்ன பண்ணிச்சு?" என்று கேட்டார். அவன் யோசித்துவிட்டு, 'என் கை அண்ணனின் காதைப் பிடித்துக்கொண்டது' என்று எழுதினான். டீச்சருக்கு அன்று முழுக்க அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. வேலையில் இப்படி ஒரு சந்தோஷம் யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

3

அந்த வகுப்பில் இரட்டைப் பிள்ளைகள் இருவர். சில நிமிஷம் முந்திக்கொண்டவள் பெரியவள், பிந்தியவள் சின்னவள். வீட்டிலும் பள்ளியிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

[நிஜப் பெயரை எழுத அண்ணி விடவில்லை.]

இருவரும் எழுதிக் கொடுத்தது ஒரே சம்பவம். நாலு வயதில் ஒரு துணிக்கடை. அம்மாவும் அப்பாவும் பைகளைத் தூக்கிக்கொண்டு காரில் கிளம்பிவிட்டார்கள், ஒரு பிள்ளையைக் கடையிலேயே விட்டுவிட்டு. அந்தப் பிள்ளை தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே புகுந்து, ஒரு நீலச் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. 'அந்தப் பிள்ளை நான்' என்று பெரியவள் எழுதியிருந்தாள். 'அந்தப் பிள்ளை நான்' என்று சின்னவளும் எழுதியிருந்தாள்.

"என் ஞாபகத்தைத் திருடிட்டா டீச்சர்!"

"யாருடி திருடினது? தொலைஞ்சது நான்! நீ கார்ல ஜாலியா போனே!"

மறுநாள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். அதுவரை ஒருத்தி டப்பாவில் மற்றவள் கை இல்லாமல் சாப்பிட்டறியாதவர்கள், முதுகைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார்கள். பேச்சு சுத்தமாக நின்றுபோயிற்று. 'உங்களுக்கு நடந்ததா இருக்கணும்' என்று தான் சொன்ன ஒரு வார்த்தை இப்படிப் பற்றிக்கொள்ளும் என்று டீச்சர் கண்டாரா? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. அவருக்குச் சோறே இறங்கவில்லை.

[அண்ணி இல்லை என்கிறார். நன்றாகத்தான் சாப்பிட்டாராம். ஆனால், "ரெண்டையும் நானே பிரிச்சுட்டேனோன்னு பயந்தது நெசம்" என்கிறார்.]

4

இந்த இடத்தில் எனக்குக் கை பரபரத்தது. சின்னவளைப் பொய்க்காரியாக்கிவிட்டால் கதை சுலபமாக ஓடும். எப்போதும் இரண்டாவதாக நிற்கிறவள், அக்காவின் ஒரே ஒரு பெருமையை—

"என் வகுப்புப் பிள்ளையைக் கள்ளியாக்கினே, இந்த வீட்டுல உனக்குக் காப்பி கிடையாது."

அண்ணியின் காப்பி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

5

சட்டப்படி சாட்சிகளைக் கூப்பிட்டார் டீச்சர். அப்பா லிஃப்ட் மெக்கானிக், வேலைச் சட்டையோடு வந்தார். அம்மா மருந்துக்கடையில் வேலை, அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். பிள்ளைகள் பக்கத்துக்கு ஒருத்தியாக நின்றுகொண்டார்கள். டீச்சர் இரண்டையும் வாசித்துக் காட்டினார்.

"பெரியவதான் டீச்சர்" என்றார் அம்மா.

"சின்னவ" என்றார் அப்பா.

"ஏங்க, பெத்தவ எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா ஏன் விட்டுட்டு வந்தே? ரெண்டுக்கும் ஒரே மாதிரி கவுன், ஒரே மாதிரி குடுமி. நீ ஒண்ணைத் தூக்கிட்டே, இன்னொண்ணு என் பின்னாடி வருதுன்னு நீ நினைச்சே, உன் பின்னாடி வருதுன்னு நான் நினைச்சேன்."

"நல்லா நினைச்சீங்க!"

இப்போது சண்டை நாலு பேருக்கும் பொதுவாகிவிட்டது. டீச்சர் மேஜையைத் தட்டினார். யாரும் இதுவரை கேட்காததை, வேறு வழி தெரியாமல் கேட்டார்: "சரி, ஒரு பிள்ளை இல்லைன்னு எப்பதான் தெரிஞ்சுது?"

அப்பா தலையைச் சொறிந்தார். "எங்களுக்கு எங்க தெரிஞ்சுது டீச்சர்? பின் சீட்டுல இருந்த புள்ளதான் கத்துச்சு. நாங்க பாட்டுக்கு பாலத்தையே தாண்டிட்டோம்."

"என்னன்னு கத்துச்சு?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது நின்றுபோயிற்று. "'என்னைக் காணோம், என்னைக் காணோம்'னு கத்துச்சு டீச்சர். 'இங்கதானடி நீ இருக்கே'ன்னு நாங்க சிரிச்சோம். அது கதவைப் போட்டு அடிச்சு அழுதுச்சு. 'நான் கடையில இருக்கேன், வண்டியைத் திருப்பு'ன்னு. அப்புறம்தான் திரும்பிப் பாத்தோம்."

டீச்சர் கையிலிருந்த இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்.

[அண்ணி ஆமாம் என்கிறார்.]

6

பெரியவளும் சின்னவளும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள்.

[அண்ணி இல்லை என்கிறார். சினிமாவா எடுக்கிறாய் என்கிறார்.]

மறுநாள் காலை இருவரும் புதிதாக எழுதிக்கொண்டு வந்தார்கள், 'காரில் கத்தியது நான்' என்று. மறுபடி சண்டை.

[இது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. இதற்கும் இல்லை என்கிறார். "ஆனா நடந்திருந்தாலும் நடந்திருக்கும்" என்கிறார்.]

நடந்தது இவ்வளவுதான். அம்மாவும் அப்பாவும் வந்துபோன அன்று மதியமே இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரே தாளில் எழுதினார்கள், நடுவில் ஒரு கோடு போட்டு. இடப்பக்கம் கடை, வலப்பக்கம் கார். ஒருத்தி எழுதிக் களைத்தால் மற்றவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். கையெழுத்தும் ஒன்றுபோலத்தான். பிறகு பள்ளியில் பெற்றோர் கூடிய ஒரு மாலையில் இருவரும் எழுந்து நின்று மாறி மாறி வாசித்தார்கள். யார் எந்தப் பக்கத்தை வாசித்தாள் என்று அண்ணிக்குத் தெரியும். என்னிடம் சொல்லவும் சொன்னார். நான் உங்களிடம் சொல்லப்போவதில்லை. திட்டினால் திட்டிக்கொள்ளுங்கள்.

கோடு அந்தத் தாளின் அடிவரைக்கும் போகவில்லை. கடைசிச் சில வரிகள் தாளின் முழு அகலத்துக்கும் இருந்தன. கார் திரும்பி வருகிறது. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருக்கிறார். ஒருத்தி அதற்கு அடியில் குனிந்து உள்ளே ஓடுகிறாள். ஒருத்தி சட்டைகளுக்கு நடுவிலிருந்து வெளியே ஓடிவருகிறாள். நடுவில் இருவரும் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இருவரும் ஒரே சமயத்தில், ஒரே கோபத்தில் கேட்கிறார்கள்:

"நீ எங்க போனே?"

பதில் சொல்ல வேண்டியவள் யார்? அண்ணியைக் கேட்டேன். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.