மேல் லயத்துச் சாவு

“மேளச் சத்தம் இல்லாம எங்கண்ணன் நாய் மாதிரி குழிக்குப் போகணுமாடா?”

இராமையாவின் தம்பி சுரேஸ் மண்வெட்டிப் பிடியால் வீட்டு முன்புற இஸ்தோப்புத் தூணில் ஓங்கி அடித்தார். உள்ளே காம்பராவில் இராமையா மாலையோடு கிடந்தார். வெயில் சாய்ந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்தின் கீழ் வீட்டு வரிசையான கீழ் லயத்திலிருந்து தப்பு மேளம் இன்னும் ஏறி வரவில்லை. அது முன்னால் போகாமல் மேல் லயத்துப் பிணம் வாசலை விட்டு நகராது. அப்படியொரு கௌரவம் அவர்களுக்கு. அந்தக் கௌரவத்தைத் தூக்கிப் பிடிக்கக் கீழ் லயத்தான் வேண்டும், ஆனால் அவன் வாசல்படி மிதிக்கக் கூடாது.

இந்த முறை கீழ் லயத்து இளவட்டங்கள் ஒரே பேச்சாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: துஷாந்த் சொன்னால்தான் வருவோம்.

சுரேஸ், செத்தவரின் மகன் தினேஸைப் பார்த்துத் திரும்பினார். “ஒன் கூட்டாளிதானே, போய்க் கூட்டிட்டு வா. வரலேன்னா லயத்தையே கொளுத்திப்புடுவேன்.”

தினேஸ் எழுந்தான். அப்பாவின் கால்மாட்டில் இருந்த தங்கை யசோதினி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஏழெட்டு வருசமாக அவள் அண்ணனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாதது நியாயம்தான்.

தினேஸும் துஷாந்தும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். துஷாந்தும் யசோதினியும் ஒருவரையொருவர் விரும்பியது தினேஸுக்கு மட்டும்தான் தெரியும். விடியற்காலையில் பெரகல சந்தியில் கொழும்பு பஸ் ஏறப்போகிறோம் என்று துஷாந்த் சொன்னதும் அவனிடம் மட்டும்தான். மகளின் பாய் வெறுமையாகக் கிடந்ததைக் கண்ட இராமையா மகனின் குரல்வளையைப் பிடித்தார். இரண்டு அறை விழுந்ததும் தினேஸ் சொல்லிவிட்டான்.

அடிக்குப் பயந்து சொன்னதைக்கூட மன்னித்துவிடலாம். அதற்குப் பிறகு அவன் செய்ததை எதில் சேர்ப்பது?

சந்தியில் கடைகள் இன்னும் திறக்கவில்லை. துஷாந்தை ரோட்டில் தள்ளி மிதித்தார்கள். யசோதினியைத் தலைமுடியோடு இழுத்துப்போய் வேனுக்குள் எறிந்தார் சுரேஸ். இராமையா ரோட்டோரக் கல் ஒன்றைத் தூக்கினார். “என் புள்ள மேல பட்ட கை இதுதானே. புடிடா அத.”

தினேஸ் பிடித்தான். மதகுக் கட்டின் மேல் வைத்து, கூட்டாளியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான்.

“டேய், நீயாடா?” என்றான் துஷாந்த்.

கல் இறங்கியது. எலும்பு நொறுங்கிய அதிர்வு தினேஸின் முழங்கை வரை ஏறியது. அவன் பிடியை விடவில்லை. கல் மறுபடியும் இறங்கியது. விரல் எது, நகம் எது என்று தெரியாமல் போகும் வரை இறங்கியது.

லொறியிலிருந்து விழுந்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தோட்டத்துச் சங்கத் தலைவர்மார் பேசி முடித்தார்கள். யசோதினியை அவசர அவசரமாகப் பண்டாரவளையில் கட்டிக்கொடுத்தார்கள். எல்லாம் சுமுகம். தினேஸ் மட்டும் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்த நொறுங்கலை உணர்ந்து, பாதியில் எழுந்துவிடுவான்.

கீழ் லயத்தில் துஷாந்த் இடக்கையால் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

“அப்பா செத்துட்டாரு.”

“கேள்விப்பட்டேன். தூக்கத்துலயே போயிட்டாராமே. குடுத்து வச்ச மனுசன்.”

“மேளம் வேணும்னு சித்தப்பா நிக்கிறாரு.”

துஷாந்த் கோடரியைப் போட்டுவிட்டு வலக்கையை நீட்டினான். விரல்கள் கோணிக்கொண்டு மடங்காமல் நின்றன. “எங்கப்பாவுக்குப் பொறகு இங்க ஒழுங்கா அடிக்கத் தெரிஞ்சவன் நான்தான். குச்சி புடிக்க ஏலாது. ஏன்னு ஒங்க சித்தப்பாகிட்ட நீயே சொல்லு. பயலுகளையும் நான் அனுப்ப மாட்டேன்.”

தினேஸ் சொன்னான்: “மேளத்தக் குடு. நான் அடிக்கிறேன்.”

“பைத்தியமாடா ஒனக்கு? கொன்னுபுடுவானுங்க.”

“சின்னதுல நீதானே சொல்லிக் குடுத்த. சாவு அடி மட்டும் மறக்கல.”

“இதோட எல்லாம் சரியாப்போயிடும்னு நெனைக்கிறியா?”

“இல்ல.”

துஷாந்த் கோடரியை எடுத்தான். “உள்ளுக்குத் தொங்குது. எடுத்துக்க. இனி என் மூஞ்சியில முழிக்காத.”

தினேஸ் தன் வீட்டு வாசலில் சருகைக் கூட்டிக் கொளுத்தி மேளத்தின் தோலைக் காய்ச்சினான். தோளில் மாட்டினான். முதல் அடி விழுந்ததும் ஒப்பாரி நின்றது.

“அடப்பாவி, எறக்குடா அத,” என்று தாய் ரெங்கம்மா வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

அவன் அடித்தான். சுரேஸின் மண்வெட்டிப் பிடி அவன் முதுகில் இறங்கியது. விழுந்தான். எழுந்து அடித்தான். சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்; உதைத்தவர்களில் பாதிப் பேர் சாவுக்கு மாலையோடு வந்தவர்கள். வாய் கிழிந்து இரத்தம் சட்டையில் வழிந்தது. ஒரு கண் மூடிக்கொண்டது. பிடி மறுபடி ஓங்கித் தலையில் விழுந்தபோது முழங்காலில் உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபடியே அடித்தான். வலியில் உயிர் போனது. ஆனாலும் அத்தனை வருசத்தில் முதல் தடவையாக அவன் கைக்குள் அந்த நொறுங்கல் இல்லை.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. சுரேஸுக்கு மூச்சு வாங்கியது. மேளம் வேண்டும், அடிக்க வேறு ஆளும் இல்லை.

“சரி, அடிச்சுத் தொலையட்டும். ஆனா மேளக்காரன் மேளக்காரனாவே வரட்டும். பொணத்தத் தொடக் கூடாது.”

அப்படியே ஆயிற்று. பெற்ற மகன் பாடைக்கு முன்னால், தள்ளி, இரத்தம் சொட்டச் சொட்ட அடித்துக்கொண்டு போனான். குழியில் முதல் பிடி மண்ணைச் சுரேஸ் போட்டார். தினேஸை வேலிக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

திரும்பி வந்து குளித்ததும் எல்லோருக்கும் கிளாசில் தேத்தண்ணி கொடுத்தார்கள். கீழ் லயத்தாருக்கென்று, குடித்ததும் எறிந்துவிடும் பிளாஸ்டிக் கோப்பைகள் தனியாக இருந்தன. முன்பெல்லாம் சிரட்டை; இப்போது நாகரிகம் வந்துவிட்டதல்லவா. ரெங்கம்மா அதில் ஒன்றை எடுத்து, வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த மகனுக்கு எட்டும்படி தரையில் வைத்து, தொடாமல் உயரத்திலிருந்து ஊற்றினாள். ஊற்றும்போது அழுதாள். ஆனால் கிளாஸை எடுக்கவில்லை.

யசோதினி தன் கிளாசிலிருந்த தேத்தண்ணியை முற்றத்தில் கொட்டினாள். அண்ணனைப் பார்க்கவில்லை, அவன் பக்கம் போகவுமில்லை. ஒரு பிளாஸ்டிக் கோப்பையை எடுத்துத் தாயிடம் நீட்டினாள்.

“எனக்கும் இதுலயே ஊத்தும்மா.”

“வாய மூடுடி. ஒன் புருசன் பாக்குறாரு.”

“பாக்கட்டும்.”