தூணுக்கு மெட்டி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எட்டிப் பார்த்ததில் பிறந்தது. நீடாமங்கலத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த சேக் தாவூதின் மகன் சைபுல்லா எங்கள் எதிர்வீடு. தஞ்சாவூரில் கண்காட்சி வைக்க, அத்தா விட்டுப்போன நெகட்டிவ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மிராசுதார்கள், மந்திரிகள், ஒரு நடிகை. எனக்கு அடுப்பில் வேலை இருந்தது. அணைத்துவிட்டுப் போனேன்.

முதல் தொடக்கம்: 'மிராசுதார் வைரக்கண்ணு வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு நடிகை வந்த காரில் இன்னொருவரும் இருந்தார். அவர்…'

(யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் நீட்டுவேன்.)

2

1974-இல் அந்தப் புதுமனை விழாவில் எடுத்த படம் இன்றும் வைரக்கண்ணு வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. நடுவில் நடிகை, வலப்பக்கம் வெள்ளைத் தூண். அந்த வீட்டில் அடுப்படிவரை* போய்வந்தவள் நான். அங்கே தூணே கிடையாது.

* கூப்பிட்டார்களா என்பது கதைக்குத் தேவையில்லை.

அங்கே வேலை பார்த்த காத்தாயி, மறுவருஷமே கைக்குழந்தையை விட்டுவிட்டு இறந்துபோனாள். அந்தக் குழந்தைதான் இன்று அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அம்சம். அம்மாவுக்கு ஒரு படம்கூட இல்லை. "நடிகைக்குப் பக்கத்துல உங்கம்மா நின்னப்ப போட்டோ எடுத்தாங்க" என்று அவள் அப்பா சாகும்வரை சொன்னார். தெருவே சிரித்தது. நானும்தான். (சத்தமாக.)

3

அந்தப் படத்தின் நெகட்டிவில் தூண் இருந்த இடத்தில் சிவப்பு மை. பிரிண்டில் வெள்ளையாக விழட்டும் என்று தடவுவது. அடிவிளிம்புவரை மை எட்டவில்லை. பிரிண்டில் வெட்டிவிட்ட பகுதி அது. அங்கே பத்துக் கால்விரல்கள்.

அரைமணி நேரத்தில் அம்சம் யூனிபார்மோடு வந்து நின்றாள். யார் சொன்னது என்று கேட்காதீர்கள். இந்த இடத்தில் அவளை அழவைத்து எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. உண்மையில் அவள் சொன்னது இதுதான்:

"தூணுக்கு மெட்டி போட்டிருக்காங்களேக்கா."

சைபுல்லா தலை நிமிரவில்லை. "எங்கத்தா கைவேலைதான்க்கா. ஈரப் பஞ்சால தொடச்சா மை போயிடும். ஆனா அம்பது வருஷத்து பிலிம். முகமும் சேந்து வழிச்சுக்கிட்டு வந்துடலாம்."

"ஸ்கேன் பண்ணினா?" என்றாள் அம்சம்.

"பண்ணிட்டேன். மைதான் தெரியுது."

"நடிகையும் போயிடுவாளா?"

கேட்டது நான்தான். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

4

முடிவு அ: மை கரைகிறது. காத்தாயி, அச்சு அசலாக அம்சத்தைப் போலவே…

முடிவு ஆ: தட்டில் சிவப்புத் தண்ணீர். பிலிம் வெறும் கண்ணாடியாய்…

மறுநாள் சைபுல்லா வீட்டில் இரண்டையும் அம்சத்துக்கு வாசித்துக் காட்டினேன்.

"எழுதாதீங்கக்கா. நீங்க ஒரு மூஞ்சிய எழுதிட்டா எனக்கு அதுதான் நிக்கும். இன்னொரு தூணு எதுக்கு?" என்றபடி அம்சம் பஞ்சைப் பிய்த்து உருட்டினாள். "புண்ணுல ஒட்டுன கட்டுத்துணிய தெனம் நனைச்சு எடுக்கறவ நான். கதவச் சாத்துங்க."

"உள்ள இருந்தா, வெளிய இருந்தா?"

"வெளிய இருந்து."

சாத்தினேன். இத்தனை வருஷத்தில் ஒரு கதவை நான் சாத்தியது இதுதான் முதல் தடவை. உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது.

கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எதையாவது எழுதினால், அவளிடம் காட்டாதீர்கள்.

(                                        )