கடனுக்கு ஈரக் கழிவு

தேவாலாவில் முக்கால் ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சுடலைமணிக்குக் கடன் என்றால் பயமே கிடையாது. கடன் கொடுத்தவனுக்குத்தான் பயம். ஏழு வருடத்துக்கு முன்பு ஒரு தனியார் பைனான்ஸில் எண்பதாயிரம் வாங்கிப் பழைய ஜீப் எடுத்தார். ஜீப் நாடுகாணி ஏற்றத்தில் படுத்துவிட்டது. தவணையும் கூடவே படுத்தது. வசூல்காரர்கள் கொஞ்ச நாள் வந்தார்கள், பிறகு வருவதை நிறுத்திவிட்டார்கள். கணக்கிலிருந்தே தள்ளிவிட்டார்களாம் என்று யாரோ சொன்னார்கள். தேர்தலுக்குத் தேர்தல் கூட்டுறவுக் கடன் தள்ளுபடியைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. சுடலைமணி மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்து எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரனான நானும் வெட்கமில்லாமல் இரண்டு தரம் வாங்கித் தின்றேன்.

இந்த வருடம் அவர் மகள் ரேகாவுக்குக் கோவையில் நர்சிங் சீட் கிடைத்தது. மாதக் கடைசிக்குள் பணம் கட்டாவிட்டால் சீட் போய்விடும். கல்விக் கடன் கேட்டுக் கூடலூர் வங்கிக்குப் போனார்கள். மேனேஜர் சரிதா கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"உங்க பழைய கடன் அப்படியே நிக்குதுங்களே. அவங்க கணக்குல நட்டம்னு எழுதிக்கிட்டாங்க, அவ்வளவுதான். உங்களுக்கு யாரும் விட்டுக் குடுக்கலைங்க. இப்ப அத வேற கம்பெனிக்கு வித்திருக்காங்க."

"கடனக்கூட விப்பாங்களாங்க?" என்றார் சுடலைமணி.

கடனை வாங்கிய கம்பெனிக்குச் சுடலைமணியே போன் போட்டு வரச் சொன்னார். வசூல்காரனுக்காகக் குடையோடு பஸ் ஸ்டாப்பில் காத்து நின்ற முதல் கடன்காரர் அவராகத்தான் இருப்பார். ரமேஷ்குமார் என்ற பையன் நனைந்துகொண்டே இறங்கினான். சூடாக டீ கொடுத்ததும், வட்டியோடு ஒன்றே முக்கால் லட்சம் என்றான்.

"அது கெடக்கட்டுங்க. நீங்க எவ்வளவுக்கு வாங்குனீங்க?"

டீயின் சூட்டில் பையன் உளறிவிட்டான். "தனித்தனியா வெல இல்லீங்க, மொத்தமாத்தான் வாங்குவாங்க. உங்களுதுக்கு ஒரு நாலாயிரம் விழுந்திருக்கும்."

சுடலைமணி உண்மையாகவே புண்பட்டுப் போனார். "நாலாயிரமா? எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அஞ்சாயிரத்துக்கு நானே வாங்கியிருப்பேனே."

அப்புறம் தொடங்கியது பேரம். மழைக்காலத்தில் நாங்கள் தேயிலை பறித்துப் போட்டால், ஈரத்துக்கென்று பேக்டரி ஏஜென்ட் எடையில் கழித்துவிட்டுத்தான் காசு தருவார். அந்த வயிற்றெரிச்சலையெல்லாம் சுடலைமணி பையன் தலையில் கொட்டினார்.

"இந்தக் கடன் ஏழு மழை நனைஞ்சிருக்கு. ஈரத்தக் கழிங்க. வட்டி பூராம் முத்துன எலை. அத எந்த பேக்டரியும் எடுக்காது, அதயும் கழிங்க."

ரமேஷ்குமார் ஆபீசுக்குப் போன் மேல் போன் போட்டான். கடைசியில் முப்பதாயிரத்துக்கு முடிந்தது. சுடலைமணி கறவை மாட்டை விற்றுக் கட்டினார். கணக்கு முடிந்ததாகக் கடிதம் வந்ததும், அதைத் தேவாலா கடைவீதி முழுக்கக் காட்டினார். என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு, மனைவி மகளோடு வங்கிக்குப் போனார்.

சரிதா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "கொறச்சுப் பேசி முடிச்சதா போட்டிருக்குங்க. தொல்ல தீந்துது. ஆனா முழுசா கட்டலைன்னுதானே இருக்கு? உங்க பேர்ல இப்ப கடன் தர முடியாதுங்க."

ரேகா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. மாட்டையும் விற்றாயிற்று, மானத்தையும் கடைவீதியில் காட்டியாயிற்று.

"அம்மா, உங்க ஆதார் கார்டக் குடுங்க," என்றார் சரிதா. பின்னால் நின்ற சுடலைமணியின் மனைவி மூக்கம்மா எடுத்துக் கொடுத்தாள். சரிதா எண்ணைத் தட்டித் திரையைப் பார்த்தார். "மகளிர் குழுவுல நாலு கடன் வாங்கியிருக்கீங்க. ஒரு தவணகூடத் தவறல. உங்க பேர்ல தரலாங்க."

சுடலைமணி மனைவி பக்கம் திரும்பினார். "உனக்கு எதுக்குடி கடன்? எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"ஜீப்பு படுத்ததுக்கப்புறம் ஊட்டுல அடுப்பு எதுல எரிஞ்சுதுன்னு நெனச்சீங்க?" என்று கேட்டுவிட்டு மூக்கம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சுடலைமணி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "நான் எங்கீங்க கையெழுத்துப் போடணும்?"

"உங்க கையெழுத்து வேண்டாங்க," என்றார் சரிதா. "அந்தப் பேனாவ மட்டும் அம்மாகிட்டக் குடுங்க."