தெப்பத்தின் நடுவில் எட்டுப் பேர்

விஜயகலா அக்காவையும் ஏழு பெண்களையும், ஒரு நாள் முழுக்கப் பறித்த தேயிலைக் கொழுந்தோடு ஆற்றில் கவிழ்த்தவன் நான்தான். கரையோரம் என்பதால் தண்ணீர் இடுப்பளவு. ஆட்கள் எழுந்து நின்றார்கள். கொழுந்து மட்டும் யாருக்கும் காத்திராமல் போய்விட்டது.

பாலத்தை வெள்ளம் கொண்டுபோனதிலிருந்து கொழுந்து பறிக்கும் மலைக்கு மூன்று மைல் சுற்று. றக்வானப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் பொறியியல் டிப்ளோமா எடுத்த ஒரே ஆள் சும்மா இருக்கலாமா? ஆறு பீப்பாய்களைப் பலகையில் கட்டுவதற்கு முன், தெப்பத்தை மடிக்கணினியில் மிதக்கவிட்டேன். எட்டுப் பேரையும் சாக்குகளையும் ஒரே பெட்டியாக்கி நடுவில் வைத்தேன். தண்ணீரின் மிதப்பு விசை, பச்சை அம்புகளாக அடியிலிருந்து தாங்கியது. பெட்டி அசையவில்லை. எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

ஆற்றில் நடந்தது வேறு. கரையில் கொழுந்து நிறுக்கும் லொறியைக் கண்டதும் எட்டுப் பேரும் முன்பக்கம் பாய்ந்தார்கள். முதலில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்தவர்தான் முதலில் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி, காலையில் விட்ட பிள்ளையைத் தூக்கலாம். தோட்டத்தில் இது தெரியாத ஆள் கிடையாது. என் பெட்டிக்குத்தான் பிள்ளைகுட்டி இல்லை.

மறுநாள் தோட்டத்தை நடத்தும் துரை சொல்லிவிட்டார்: பெண்கள் ஏறச் சம்மதித்தால் இன்னொரு தெப்பம், இல்லையென்றால் பலகை ஸ்டோருக்கு. நான் கேட்கக் கிளம்பினேன்.

"பிழை என்னோடதா, கங்காணி?"

"சேச்சே, தண்ணி வேகம் தம்பி. ஒங்க படிப்புக்கு என்ன கொறை?" பெண்களை வேலை வாங்கும் காத்தமுத்து கங்காணி சிரிப்பை வெற்றிலையோடு சேர்த்து மென்றார்.

பெண்களும் அப்படித்தான். "எங்க நேரம் சரியில்லீங்க" என்றார் ஒருவர். "ஓசியில குளிச்சாச்சுங்க" என்றார் இன்னொருவர். ஏறுவோம் என்றோ மாட்டோம் என்றோ ஒரு வாய் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

விஜயகலா அக்கா தண்ணீர் கொட்டும் பீலியடியில் சாக்கு அலசிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்தவாட்டி அகலமாக் கட்டுறேன். எட்டுப் பேரையும் முன்னுக்கு நிக்க வச்சே கம்ப்யூட்டர்ல பாத்துட்டேன். ஏறுவீங்களா?"

அவர் சாக்கை உதறினார். என் முகமெல்லாம் தண்ணீர்.

"ஏறமாட்டேன் தம்பி. நேத்து நான் போறப்ப எம்புள்ள புள்ளக்காம்பராவோட பூட்டுன கதவுகிட்ட ஒத்தையா குந்தியிருந்துச்சு. மொதல்ல நீங்களும் கங்காணியும் கொழுந்துச் சாக்கோட முன்பக்கமா நின்னு பத்துவாட்டி வந்து காட்டுங்க. அதுவரைக்கும் நாங்க நடக்குறோம்."