எட்டு தம்ளர் மருந்து

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கிராம நர்சாக முப்பத்தெட்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். இனி யாருக்குப் பயந்து மறைக்க வேண்டும்? போன செவ்வாய்க்கிழமை சிங்கப்பூரிலிருந்து மகள் போனில் பேசினாள். பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள் ஆகிறது அவளுக்கு. மாப்பிள்ளை காலையில் போனால் இருட்டித்தான் வீடு திரும்புகிறார். எனக்குப் பாஸ்போர்ட் இன்னும் வந்தபாடில்லை.

"அம்மா, ஆஸ்பத்திரியில ஒரு அட்டை குடுத்திருக்காங்க. தினம் எட்டு தம்ளர் தண்ணி, கீரை, முட்டை, அரை மணி நேரம் நடை. ஒவ்வொண்ணுக்கும் டிக் அடிக்கணும்."

"அடிக்கிறியா?"

"அடிக்கிறேன். பாக்கத்தான் ஆளில்ல. நீ தண்ணி குடிக்கிறியா?"

"பத்து தம்ளர்" என்றேன்.

[அன்று நான் குடித்தது இரண்டு காபி.]

போனை வைத்ததும் என் தாராசுரத்து வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பேனாவை எடுத்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "நீடாமங்கலத்துக்குத் தெற்கே, ஆயிரம் வேலி நஞ்சையில் கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்க —"

விட்டுவிட்டேன். ஆயிரம் வேலி எங்கே இருந்தது? நாற்பது தேறினால் அதிகம். பெருக்கிச் சொல்வது என் பிறவிக்குணம். மூவாயிரம் பிரசவம் பார்த்ததாக ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன்.*

இரண்டாவது முயற்சி: "கழக ஆட்சி வந்த பிறகு மூன்றாவது தை. அறுக்கிற ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் அரைப்படி கூலி கூடக் கேட்டுச் சேரி ஆட்கள் அறுப்பை நிறுத்தியிருந்தார்கள். மிராசுதார் லாரியில் வெளியூர் ஆள் கொண்டுவந்து இறக்கினார்."

இது நிற்கட்டும். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, கையில் புது சைக்கிள், வாய் நிறைய ஆரோக்கிய விதிகள்.

(* பதிவேட்டில் இருப்பது எண்ணூற்றுப் பதினொன்று. அதிலும் சில, நான் போய்ச் சேருவதற்குள் தானே பிறந்தவை.)

3

சேரியில் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்த வேம்புவை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு வரைவில் அவளை அழவைத்தேன். அவள் அழுகிற ரகமில்லை. இன்னொன்றில் கைக்குழந்தையோடு வரப்பில் ஏறி நின்று லாரியை மறித்தாள். எழுதும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அடித்துவிட்டேன்.

உண்மையில் அவள் பாயில் படுத்திருந்தாள். முதல் பிரசவம், ஆண் குழந்தை. பிறந்த மூன்றாம் நாள், வயலில் கொடி ஊன்றியதற்காகப் புருஷன் தங்கையனைப் போலீஸ் கொண்டுபோனது. நான் போகும்போதெல்லாம் அவள் கேட்பது ஒன்றுதான்: "வெளியில என்ன நடக்குது நர்சம்மா?"

அவள் உதடு வெடித்திருந்தது. பால் சரியாகச் சுரக்கவில்லை. எத்தனை தம்ளர் தண்ணீர் குடிக்கிறாள் என்று மாமியார் நாகம்மாளிடம் கேட்டேன்.

"தண்ணியா? பச்ச ஒடம்புக்காரிக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க. ஜன்னி கண்டுரும். ஒரு நாளைக்கு ஒரு தம்ளர் சுக்குத் தண்ணி, அதுவே சாஸ்தி."

"அவளா மொண்டு குடிச்சா என்ன?"

"தீட்டுக்காரி பானையத் தொடுறதா? நாங்கள்லாம் பெத்து எடுக்கலையா?"

"எத்தன பெத்தீங்க?"

"அஞ்சு."

"எத்தன நிக்கிது?"

"ஒண்ணு நிக்கிது. அதையுந்தான் போலீசு புடிச்சு வச்சிருக்கு. பேச வந்துட்டீங்க!"

என் ஆரோக்கிய விதிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

4

இனி வருவது நான் பெருமையடித்துக்கொள்கிற பகுதி. நர்சுகள் கூட்டத்தில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

பழுப்பு நிற டானிக் பாட்டில் ஒன்று, பெரியது, காலியாகக் கிடந்தது. கழுவினேன். தண்ணீரைக் காய்ச்சிச் சீரகம் ஒரு சிட்டிகை, பனங்கற்கண்டு ஒரு துண்டு போட்டு வடிகட்டி ஊற்றினேன். துண்டுத்தாளில் சிவப்பு மையால் எட்டுக் கோடு போட்டு ஒட்டினேன்.

"மெட்ராசுலேருந்து வந்த மருந்து" என்று நாகம்மாளிடம் நீட்டினேன். "எட்டு வேளை. ஒரு வேளை தப்பினாலும் பால் வத்திப்போயிடும்."

அவள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். "தண்ணியாட்டம் இருக்கே?"

"வெலை ஒசந்த மருந்துன்னா அப்படித்தான் இருக்கும்."

தினமும் காலையில் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தேன். நாகம்மாள் ஒரு வேளை விடாமல் ஊற்றினாள். மூன்றே நாளில் வேம்புவுக்குக் காவிரி போலப் பால் பெருகி — [பிள்ளைக்குப் போதுமான அளவு.]

கூட்டத்தில் இந்த இடத்தில் நிறுத்திவிடுவேன்.

5

பிறகு ஒரு நாள், லாரியை மறித்து வரப்பில் நின்ற பெண்களையும் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாகம்மாளும் போனாள். நூற்று நாற்பத்து நான்கு தடையுத்தரவு போட்டார்கள்.

முதல் வரைவு: "மதகடியில் நாற்பது போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு என் சைக்கிளை மறித்தனர்."

இரண்டாவது: "நான்கு போலீஸ்காரர்கள், தடியோடு."

ஒரே ஒருவர். மதகுக் கட்டையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கிப் போகாதம்மா, ஊர் சரியில்ல" என்றார். என்னைத் தடுக்க எழுந்திருக்கக்கூட இல்லை. நான் திரும்பிவிட்டேன். மறுநாள் அந்த மதகு வரைக்கும்கூடப் போகவில்லை. என் நர்ஸ் குடியிருப்பில் காபி போட்டுக் குடித்தேன்.

வாசகரே, அந்த இரண்டு நாள் அங்கே நடந்தது எனக்குப் பிறகு தெரிந்ததுதான். பக்கத்து வீட்டில் கண் மங்கிய ஒரு கிழவி மட்டும் மிச்சம். அவள் மத்தியானம் பத்தியச் சோறு வைத்துவிட்டுப் போனாள். தண்ணீர் வைக்கவில்லை, வைக்கிற வழக்கமில்லை. பாட்டில் அதற்கு முந்தின நாளே தீர்ந்திருந்தது. மூலையில் பானை, வாய்வரைக்கும் தண்ணீர். பாயிலிருந்து ஐம்பது — இல்லை, ஐந்து முழம்.

தண்ணீர் தன்னைக் கொன்றுவிடும் என்று வேம்பு நம்பினாள். மருந்து காப்பாற்றும் என்றும் நம்பினாள். இரண்டாவதை நான் கொடுத்தேன். முதலாவதை எடுக்க மறந்துவிட்டேன்.

பானைக்கு அடியில் மணல் ஈரமாக இருக்குமல்லவா? பானையைத் தொடாமல் அந்த மணலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தாளாம். பிள்ளை கத்திக் கத்தி ஓய்ந்ததும், லாரிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்திருக்கிறாள். ஏதாவது ஒரு சத்தம் கேட்டால் தேவலை என்று இருந்ததாம்.

6

முடிவுக்கு என்னிடம் சரக்கு நிறைய இருக்கிறது.

(அ) அரைப்படி கிடைக்கிறது. பெண்கள் வேனிலிருந்து குலவையிட்டபடி இறங்குகிறார்கள். நாகம்மாள் பானையைத் தூக்கி மருமகள் வாயில் கவிழ்க்கிறாள். கிடைத்தது கால்படி, அதுவும் மாசியில். ஆகவே இது வேண்டாம்.

(ஆ) பிள்ளை இறந்துபோகிறது. எழுதுகிறவளுக்கு அந்த அதிகாரம் உண்டு. ஆனால் அவன் சாகவில்லை. உங்கள் கண்ணீருக்காக அவனைச் சாகடிக்க நான் தயாரில்லை.

(இ) மூன்றாம் நாள் காலை போனேன். மதகில் கடலைத் தோல் மட்டும் கிடந்தது. படலைத் தள்ளினேன். பிள்ளை வறண்ட மார்பில் வாய் வைத்தபடி முனகிக்கொண்டிருந்தான். வேம்பு காலி பாட்டிலை மடியில் வைத்திருந்தாள்.

"மருந்து கொண்டாந்தீங்களா?"

வந்த பதற்றத்தில் கொண்டுவரவில்லை. பாட்டிலை வாங்கினேன். அவள் பார்க்கப் பார்க்க, மூலைப் பானையில் ஒரு தம்ளர் மொண்டு அதில் ஊற்றினேன். காய்ச்சக்கூட நேரமில்லை.

"குடி."

"இது தண்ணி."

"ஆமா."

"இத்தன நாளும்?"

"தண்ணிதான். கொஞ்சம் சீரகம்."

அவள் என்னைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். மடக் மடக்கென்று குடித்தாள். மறுபடி ஒரு தம்ளர் ஊற்றினேன், அதையும் குடித்தாள். மூன்றாவதில் பாதியில் நிறுத்தி, வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப இது இங்கயேதான் இருந்துச்சா நர்சம்மா?"

7

நான் ஏதோ சொன்னேன். எழுதிப் பார்க்கிறேன்.

"உன் மாமியார்தான் நான் சொல்றத —" இல்லை.

"மதகுல நாற்பது போலீசு —" இல்லை.

"உன் நல்லதுக்குத்தான் நான் —" இதைச் சொல்லியிருப்பேன் என்றுதான் சந்தேகம்.

இதோ போன் அடிக்கிறது. மகளாகத்தான் இருக்கும். பதினெட்டாவது மாடியில் அட்டையும் கையுமாக உட்கார்ந்து, இன்றைக்கு எத்தனை தம்ளர் என்று என்னைக் கேட்கப்போகிறாள். நான் எழுந்து போயாக வேண்டும். வேம்பு பாட்டிலும் கையுமாக இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளைச் சும்மா உட்காரவைத்துவிட்டுப் போக முடியாது; ஒரு தடவை போயிருக்கிறேன். அவளுக்கு நான் சொல்ல வேண்டிய பதிலுக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள்.

"……………………………………………" என்றாள் நர்சம்மா.

பெருக்கி மட்டும் எழுதிவிடாதீர்கள்.